குணப்பட்டியல் பிரமாணம் ஆகுமா? முகமறியாச் சிநேகம் குறித்த ஓர் ஆராய்ச்சி

கண்ணால் கண்டிராத ஒருவரோடு கைப்பேசி வழியே சிநேகம் பூண்டு, சில நாள் ‘சாப்பிட்டாச்சா’ என்று விசாரித்துச் சலித்தபின், ‘என்னைப் பற்றிப் பத்து விஷயங்கள்’ என்று தத்தம் குணாதிசயங்களைத் தாமே வரிசைப்படுத்தி அனுப்பிக்கொள்ளும் வழக்கத்தை இக்காலத்து நூதனம் என்று எண்ணுவோர், செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரை வரைக்கும் ஒரு நடை போய்வருதல் நலம். 7ஆம் நூற்றாண்டில் கந்தசேனன் என்பவன் செய்வித்த அக்கோயிலின் கல்வெட்டு, அவன் தந்தைக்குத் தலைவனான மகேந்திரவர்ம பல்லவனைப் பகாப்பிடுகு என்றும் லளிதாங்குரன் என்றும் ஒரே மூச்சில் அறிமுகம் செய்கிறது. அதாவது, பிளக்கவொண்ணாத இடியும் அவரே, ஒயிலான இளந்தளிரும் அவரே. இவ்விரண்டில் எதை நம்பி ஒருவர் அவரோடு பழகுவது என்பதே நம் ஆராய்ச்சியின் பிரதானப் பிரச்சினை.

இதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலாது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்துக் குடைவரைக்குப் பெயர் தந்த அதிரணசண்டப் பல்லவன், போரில் தான் மகா உக்கிரமானவன் என்பதை அவ்விருதாலேயே தெரிவித்துவிட்டு, அநுக்ரசீலன், அதாவது உக்கிரமற்ற சுபாவத்தினன், என்றும் அங்கேயே பொறித்துவைத்தான். அதுவும் ஒரு சுவரில் கிரந்தத்தில், எதிர்ச்சுவரில் நாகரியில், ஒரே செய்தியை இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் போடுகிறவர்களைப் போல. (காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மன் பொறித்த விருதுகள் 200க்கும் மேல் என்பதால், பத்தோடு நிறுத்திக்கொள்ளும் நம் நண்பர்களின் அடக்கம் பாராட்டுக்குரியது.)

ஆகவே, தாமே பிரகடனம் செய்யும் குணம் பிரமாணம் ஆகாது என்பது என் சித்தாந்தம். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் தவம் புரிபவன் அர்ச்சுனனா பகீரதனா என்று பண்டிதர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்க, அதே பாறையில் பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையின் உத்தேசம் பற்றி ஒருவருக்கும் ஐயம் எழாததற்குக் காரணம், சிற்பி அதைச் சுற்றி எலிகளையும் செதுக்கிவிட்டதுதான்.

எலிகள் எப்போதும் அகப்படுவதில்லை. ஆனால் அசந்த நேரத்தில் நழுவி விழும் சமாசாரங்கள் அகப்படும். செங்கற்பட்டு நண்பர் ஒருவர், நான் முகம் பார்த்திராதவர், தம்மை மிதபாஷி என்றும் கறார்ப் பேர்வழி என்றும் எழுதியனுப்பியிருந்தார். அந்த மிதபாஷியின் குரல்பதிவு, மாலை மின்ரயில் சிங்கப்பெருமாள் கோயிலை விட்டதும் தொடங்கி, பரனூர் தாண்டி, கொளவாய் ஏரிக்காற்று சன்னலில் இரையும் வரைக்கும் நீண்டது. இடையே வேர்க்கடலைக்காரரோடு பேரம், பேரம் பாதியிலிருக்கும்போதே ‘சரி, ரெண்டு பொட்டலமாவே குடுங்க’ என்ற சரணாகதி, பிறகு சற்றே விலகி ஒலித்த ‘நீங்க உட்காருங்கம்மா, நான் இறங்கற இடம் வந்துருச்சு’ என்ற வாக்கியம். அப்போது வண்டி பரனூரைக்கூட எட்டியிருக்கவில்லை. பொய் சொல்லுவார் என்பதோ, இரக்கமுள்ளவர் என்பதோ அவருடைய பட்டியலில் எங்கும் இல்லை.

பட்டியல் இல்லாமல் முகமறியாதாரை அறிவது எங்ஙனம் என்று பூர்வபட்சம் எழுப்புவோர்க்குப் பிசிராந்தையாரே விடை. கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலேயே நட்புப் பூண்ட அப்பாண்டிநாட்டுப் புலவர், வயதாகியும் நரை காணாதது ஏன் என்று கேட்டவர்களுக்கு விடையாகத் தம்மைப் பற்றிப் பேச நேர்ந்த புறநானூற்றுப் பாட்டிலும், மனைவி மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் ஆகியோர் சிறப்பையே சொல்லி முடித்துவிட்டார். தம் குணம் ஒன்றுகூட அதில் இல்லை. பெயரைக் கேட்டாலும் தம் பெயரை விடுத்துச் சோழன் பெயரையே சொல்லுவார் என்று அந்தச் சோழனே சாட்சியம் அளித்திருக்கிறான். இக்காலத்தில் அப்படிச் செய்தால், போலிக் கணக்கு என்று முடக்கிவிடுவார்கள்.