பறந்ததுதான் குற்றம்

திருவிடைமருதூர் டீக்கடையில் தினமும் ஒரு விமானம் கிளம்புகிறது. எரிபொருள் அரை கிளாஸ் டீ. "ரைட் சகோதரர்களா? போங்க தம்பி! நம்ம பரத்வாஜ மகரிஷி அப்பவே எழுதி வெச்சுட்டாரு" என்று ஒருவர் கிளப்பிவிட, நாலு பேர் ஏறிக்கொள்கிறார்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துச் சுகோய் மேலே உறுமிக்கொண்டு போனாலும் ஒருவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. அது ருஷ்யாக்காரன் வரைந்த சாதாரண விமானம், நிஜமாகவே பறக்கிறது.

அங்கே போய் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். "எந்தக் கட்சி?" என்பார்கள்.

அவர் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஐரோப்பியர். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்ததும் இவருக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்தது. தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். கோச்சு வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது தரையை விட்டு எழும்பியது. பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஊருக்கும் பறந்து காட்டினார்.

அவர்மீதான குற்றங்களைப் படிக்கிறேன், கேளுங்கள்.

ஒன்று: ஜனங்கள் பார்க்கப் பறந்தது. கண்ணால் பார்த்ததில் பெருமை பேச என்ன இருக்கிறது? ஐயாயிரம் ஆண்டு என்று அளக்க முடியாதே!

இரண்டு: ஓட்டல்காரராக இருந்தது. இந்தத் தேசத்தில் விமானம் கண்டுபிடிக்கிறவருக்குத் தாடியும் தவமும் வேண்டாமா?

மூன்று: சாதிச் சங்கமோ ஓட்டு வங்கியோ இல்லாமல் பிறந்தது. பல்லாவரத்தை ஒட்டியே விமான நிலையம் இருக்கிறது. முனையங்களுக்குக் காமராஜர் பெயரும் அண்ணா பெயரும் வைத்தாயிற்று. ஒரு வராந்தாவுக்காவது இந்த மனுஷர் பெயரை வைக்கச் சொல்லிக் கொடி பிடிக்க யார் வருவார்கள்?

சரி, அவர் அந்நியர். சிம்சன் பட்டறையில் மரம் இழைத்தவர்கள், கம்பி முறுக்கியவர்கள் யார்? நம் ஆட்கள்தானே? அவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல மாட்டீர்கள். உளி பிடித்தவனை நாம் முன்னோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அந்தக் கணக்கு முழுக்க ஓலை பிடித்தவர்களுக்கே எழுதிவைத்தது.

அந்த ஓலையின் யோக்கியதை என்ன? பரத்வாஜர் பெயரில் உலவும் 'வைமானிக சாஸ்திரம்' சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918 முதல் 1923 வரை வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்கள். டீக்கடையின் 'அப்பவே' இதுதான். 1974-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து ஆய்வாளர்கள் அதை வரிவரியாகச் சோதித்து, அதில் சொல்லியிருக்கும் எந்த விமானமும் பறக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். ஆனால் என்ன? 2015 ஜனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாடு, அதே சரக்கைக் கட்டுரையாக வாசிக்க மேடை போட்டுக் கொடுத்தது. பறக்காத விமானத்துக்கு ஒரு சௌகரியம்: அது விழவே விழாது.

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் வரகுண பாண்டியன் பிரம்மஹத்தியைக் கிழக்கு வாசலில் காத்திருக்க விட்டுவிட்டு மேற்கு வாசலால் தப்பித்துப் போனான் என்பது எங்கள் ஊர்க் கதை. உண்மையை நாமும் அப்படித்தான் வாசலில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக நழுவிக்கொண்டிருக்கிறோம். பாண்டியனாவது தான் செய்த பாவத்துக்கு அஞ்சினான். நமக்கு அந்த அச்சமும் இல்லை, கைதட்டல் இருக்கிறது.

முன்னோர் விமானம் விட்டார்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிற மகாஜனங்களே, உங்கள் பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் இருக்கிறாரா? ஆய்வுக்கூடத்தின் பூட்டு கடைசியாக எப்போது திறந்தது? போய்ப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், அதே தொண்டையால் அதற்கும் ஒருமுறை கத்துங்கள்.