ஈஎஸ்பி32-ஐ எரிப்பது எப்படி?

முதலில் ஒரு எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் மாட்யூல் வாங்குங்கள். நீல நிறத்தில் சின்னப் பெட்டியும் அதன் தலையில் பித்தளைத் திருகும் இருக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டரை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுங்கள். இந்த வேலையைக் கெடுப்பதே அதுதான்.

12 வோல்ட் அடாப்டரை ‘இன்’ பக்கம் கொடுங்கள். ‘அவுட்’ பக்கத்தை நேராக ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் பின்னில் சேருங்கள். முக்கால்வாசி வேலை முடிந்தது. புது மாட்யூலின் திருகு எங்கே நிற்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது. 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத சிப்புக்குப் பதினொன்று போனால் அது மறுபேச்சே பேசாது.

மீட்டர் வைத்துத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் வழி உண்டு. திருகை இரண்டு சுற்று சுற்றுங்கள். அளவு அசையாது. உடனே ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று தீர்ப்பு எழுதிவிடுங்கள். கணக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தத் திருகு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஏறத்தாழ 25 சுற்று. மொத்தம் 10 கிலோ ஓம். கூட்டாளியாகப் பெரும்பாலான பலகைகளில் 330 ஓம் ரெசிஸ்டர். தன் ஃபீட்பேக் காலில் 1.23 வோல்ட் நிற்கும்படி எல்எம்2596 சிப் பார்த்துக்கொள்ளும். ஆகவே மேல்கோடியில் நீங்கள் கேட்பது 38 வோல்ட். உள்ளே வருவதோ 12. அங்கிருந்து கீழே இறங்கினால் பதினெட்டுச் சுற்று வரை மீட்டர் சும்மாவே இருக்கும். அப்புறம் விறுவிறுவென்று இறங்கும்; ஐந்திலிருந்து 3.3-க்கு வர ஒரு சுற்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இடப்பக்கமாகப் பொறுமையாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்கவே வேண்டாம்.

அவசரக்காரர்களுக்கு: பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுங்கள். தலைகீழ் இணைப்பைத் தடுக்கும் டயோடு இந்தப் பலகையில் பொதுவாக இருக்காது. எல்எம்2596 சிப் 40 வோல்ட் தாங்கும் என்று டேட்டாஷீட்டைக் காட்டி 38 கொடுப்பதும் நல்ல யோசனைதான். பக்கத்தில் இருக்கும் கெபாசிட்டரின் உடம்பில் 35 என்று அச்சடித்திருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஹீட்சிங்க் இல்லாமலே மூன்று ஆம்பியர் இழுங்கள். விரல் வைத்துச் சூடு பார்க்கலாம், ஒருமுறை.

சரியான அளவில் நிறுத்தியபின் திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் அசையாது என்பார்கள். கேட்காதீர்கள். வைத்தே தீருவேன் என்றால், பதினொன்றில் நிற்கும்போதே வைத்துவிடுங்கள்.