நாலு மணி நேரத்தில் ஒரு தீவு

(பினாங்கு, ஜார்ஜ் டவுன். சுவெட்டன்ஹாம் துறையில், சிங்கப்பூரிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. வாசலில் கப்பல் அட்டையைக் கழுத்தில் மாட்டிய சென்னைக்காரர் ஒருவர். தன் காடியில் சாய்ந்தபடி உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவர்.)

ஓட்டுநர்: வாங்க சார். பசியாறிட்டீங்களா?

பயணி: கப்பல்லயே ரெண்டு தடவை ஆச்சு. நாலு மணி நேரம்தான் இருக்கு. பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், பத்து ஃபெரிங்கி கடற்கரை, சுவர் ஓவியம், கொஞ்சம் ஷாப்பிங். முடிச்சிடலாம்ல?

ஓட்டுநர்: தாராளமா. காடியை விட்டு இறங்காம இருந்தா முடிச்சிடலாம். மணிக்கு 40 வெள்ளி.

பயணி: (செல்பேசியில் ரூபாய்க்குப் பெருக்கிப் பார்த்து) ஐயோ! முப்பதுன்னு வச்சுக்கங்க.

ஓட்டுநர்: அதோ தெரியுதே, கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-ல பிரான்சிஸ் லைட்னு ஒரு வெள்ளைக்காரர் இங்க வந்து இறங்கினார். காடு வெட்ட ஆள் வரலைன்னு, பீரங்கியில காசை அடைச்சுக் காட்டுக்குள்ள சுட்டாருன்னு ஒரு கதை. நீங்க பத்து வெள்ளிக்குப் பேரம் பேசறீங்க.

பயணி: அவர் சுட்டது கம்பெனிக் காசு. நான் தவணையில வந்திருக்கேன்.

(பதில் நியாயமானதுதான். 35-க்குப் படிகிறது. ஆர்மீனியன் தெருவில் வெயிலில் நீள வரிசை.)

பயணி: இங்க என்ன கூட்டம்? ரேஷனா?

ஓட்டுநர்: ரெண்டு பிள்ளைங்க சைக்கிள்ல போற ஓவியம். எர்னஸ்ட் சக்கரேவிச்னு லித்துவேனியாக்காரர் 2012-ல வரைஞ்சது. சைக்கிள் மட்டும் நிஜம். ஆனா யுனெஸ்கோ 2008-லயே மலாக்காவோட சேர்த்து எங்க ஊரைப் பட்டியல்ல போட்டிருச்சு. அது இந்தப் பழைய கடைவீடுகளுக்காக.

பயணி: சரி, அதெல்லாம் படத்துல விழாம எடுங்க.

(அடுத்து லிட்டில் இந்தியா. ஒலிபெருக்கி, மல்லிகை, வடை வாசம்.)

ஓட்டுநர்: அந்தப் பக்கம் குயின் தெருவுல மகா மாரியம்மன் கோயில். 1833-ல கட்டினது.

பயணி: மாரியம்மனையும் பூக்கடையையும் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன்? எனக்கு அசல் தீவு வேணும்.

ஓட்டுநர்: அப்ப நாசி கண்டார் சாப்பிடுங்க. அந்தக் காலத்துல தமிழ் முஸ்லிம்கள் தோள்ல கம்பு வச்சு, ரெண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிங்களுக்குச் சோறும் குழம்பும் வித்தாங்க. கப்பல்ல சரக்கு இறக்கினவங்க சாப்பாடு சார் அது.

பயணி: கப்பல்ல எல்லாம் ஃப்ரீ. வெளிய சாப்பிட்டா, அங்க சாப்பிடாத காசும் சேர்ந்து நஷ்டம். ஆனா ஒரு டீ குடிக்கலாம். வைஃபை உள்ள கடையா நிறுத்துங்க. கப்பல்ல இன்டர்நெட்டுக்குத் தனியாக் கேக்கறான்.

(தே தாரிக் ஆறி ஆடை கட்டுகிறது. படங்கள் ஒவ்வொன்றாக உறவினர் குழுவுக்கு ஏறுகின்றன. மலையும் கடற்கரையும் திட்டத்திலிருந்து கழன்றது இப்படித்தான். கெக் லோக் சியை யாரும் நினைக்கக்கூட இல்லை.)

ஓட்டுநர்: மலை ரயில் 1923-ல இருந்து ஓடுது சார். இன்னைக்கு உங்களுக்கு நேரமில்ல.

பயணி: மலையை இங்கிருந்தே காட்டுங்க. மேகமா இருக்கே... பரவாயில்ல, ஃபில்டர் போட்டுக்கலாம்.

ஓட்டுநர்: லைட்டோட கல்லறையையாவது பார்க்கறீங்களா? பக்கந்தான். 1794-ல மலேரியா வந்து இங்கயே செத்துட்டார்.

பயணி: அடப்பாவமே. கப்பலைத் தவற விட்டுட்டாரா?

ஓட்டுநர்: அவர் மட்டுமா? எங்க பாட்டனும்தான். சீனன், தமிழன், அரபி, ஆர்மீனியன்னு கப்பலுக்குத் திரும்பிப் போகாதவங்க கட்டின ஊரு சார் இது.

பயணி: (திடுக்கிட்டு மணி பார்த்து) பேச்சுல நேரம் போனதே தெரியல. துறைக்கு விடுங்க, சீக்கிரம்! ராத்திரி கப்பல்ல 'பினாங்கு விருந்து'. நாசி கண்டார் உண்டுன்னு போட்டிருக்கான்.

ஓட்டுநர்: அங்க யாரு சார் சமைக்கிறது?

பயணி: யாரா இருந்தா என்ன? ஃப்ரீ!