கொண்டலிடம் யாரும் கேட்கவில்லை

நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பூவம். தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும் இடம். வடக்கேயிருந்து தாகத்தோடு வருகிறவர்களுக்கு இந்த எல்லையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாகம் தீர்ந்த பிறகும் கால் தரையில் நின்றால், கிழக்கே மண்டபத்தூர், காளிக்குப்பம் பக்கம் ஒரு நடை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம். 1782ஆம் வருஷம் ஜூலை மாதம் இந்தக் கடல் வழியாகத்தான் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை, பீரங்கியும் பெருமையுமாக, தெற்கே போனது.

அந்தக் காலத்தில் இந்தக் கரையில் ஒருநாள் நடந்தால் பாதி ஐரோப்பாவைப் பார்த்துவிடலாம். தரங்கம்பாடியில் 1620லிருந்து டேனிஷ்காரர்கள். காரைக்கால் 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, பிறகு இங்கிலீஷ்காரர் கைக்கும் போய்த் திரும்பி, பந்திப் பாத்திரம் மாதிரி கை மாறிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினம் டச்சுக்காரர்களுடையது, 1781 நவம்பரில் இங்கிலீஷ்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்படியென்ன தகராறு என்று கேட்கிறீர்களா? அமெரிக்காக்காரன் லண்டனுக்கு வரி கட்ட மாட்டேன் என்றான், பிரெஞ்சுக்காரன் அவன் பக்கம் சேர்ந்தான், டச்சுக்காரனும் வம்பில் மாட்டினான். அதற்கு நாகப்பட்டினத்தில் குண்டு விழுந்தது. இதில் நம்மூர்க்காரனுக்கு என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் பிரெஞ்சில்தான் வந்திருக்கும்.

பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் சுஃப்ரேன். 52 வயது, பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய கோபம். உடுப்பைப் பற்றிக் கவலையே கிடையாது. மால்டா வீரத்துறவிகளின் சங்கத்தைச் சேர்ந்தவர் வேறு. துறவியா, வீரனா என்ற சந்தேகம் எதிரிக்கு ஒருநாளும் வந்ததில்லை. இங்கிலீஷ் படைக்கு சர் எட்வர்ட் ஹியூஸ். நிதானமானவர், லேசில் அசையாதவர். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, ஏப்ரலில் இலங்கைக் கரையில் என்று ஏற்கெனவே இரண்டு தடவை மோதியும் கணக்குத் தீரவில்லை. நாகப்பட்டினத்தை மீட்டே தீருவது என்று சுஃப்ரேன் ஜூலை 3ஆம் தேதி கடலூரிலிருந்து கிளம்பினார்.

இங்கே நம் கடலின் கோடைக்குணத்தைச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவந்த மழையை எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, டெல்டாவுக்கு வெறுங்கையோடு வந்து சேர்கிறது. வருவது வெக்கைக் காற்றுதான். காலையெல்லாம் அந்தக் கச்சான் தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். வெயில் ஏற ஏற நிலம் காய்ந்து, அதன்மேல் உள்ள காற்று மேலே கிளம்பிவிடும். கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. ஆகவே மதியவாக்கில் கடல் பக்கமிருந்து கொண்டல் என்ற குளிர்ந்த காற்று உள்ளே புகும். கச்சான் பலமாக இருக்கும் நாளில் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். சில நாள் சாயங்காலம் இரண்டும் போதாதென்று திடீர்ச் சூறையும் இடியும். இது காளிக்குப்பத்தில் கட்டுமரம் தள்ளுகிற எந்தப் பையனுக்கும் தெரியும். இரண்டு வெற்றிலையைக் கொடுத்திருந்தால் சுஃப்ரேனுக்கும் சொல்லியிருப்பான்.

வெற்றிலை கொடுக்கவில்லை. 5ஆம் தேதி பிற்பகல் நாகப்பட்டினத்தை நெருங்கும்போது ஒரு சூறை வந்து ‘அஜாக்ஸ்’ என்ற கப்பலின் பாய்மரங்களில் இரண்டை முறித்துப் போட்டது. எதிரி ஒரு குண்டுகூடப் போடாமலே பன்னிரண்டு கப்பல் பதினொன்றாயிற்று. மறுநாள் முழுக்க அந்தக் கப்பல் எட்ட நின்று வேடிக்கை பார்த்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சுஃப்ரேனின் ரத்தக்கொதிப்பை அளக்க அன்று கருவி இல்லை.

ஹியூஸ் காரியக்காரர். பாய்க்கப்பல் சண்டையில் காற்றைத் தன் பக்கம் வைத்திருக்கிறவன்தான் எப்போது மோதுவது என்று தீர்மானிப்பான். ராத்திரியோடு ராத்திரியாக நங்கூரம் எடுத்து, விடியும்போது காற்றுமுகத்தில் போய் நின்றுகொண்டார்.

ஜூலை 6, சனிக்கிழமை. நாள் பார்த்தார்களோ இல்லையோ, பத்தரை மணிக்கு ராகுகாலம் முடிந்த பிறகுதான் வெடித்தார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று, நேருக்கு நேர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அடி. எல்லாம் ஐரோப்பியப் போர்முறைப்படி, கோடு கிழித்தாற்போல் ஒழுங்காக நடந்தது. பிறகு, எமகண்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே, நம் கொண்டல் வந்தது. தென்மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று தென்கிழக்குப் பக்கமாகத் திரும்பிவிட்டது.

பாய்கள் முன்பக்கமாக அறை வாங்கின. சில கப்பல்கள் இடப்பக்கம் திரும்ப, சில வலப்பக்கம் திரும்ப, இரண்டு வரிசையும் கலைந்து திருவிழாக் கூட்டமானது. யார் எந்தப் பக்கம் என்று கொடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. அதிலும் ஒரு கொடி இறங்கிவிட்டது.

‘செவேர்’ கப்பலின் கேப்டன் சியார். இங்கிலீஷ்காரரின் ‘சுல்தான்’ பக்கத்தில் மாட்டிக்கொண்டவர், சரணடைவதாகக் கொடியை இறக்கச் சொன்னார். ‘சுல்தான்’ குண்டை நிறுத்திவிட்டு, பிடித்த கப்பலை வாங்கிக்கொள்ளக் காத்து நின்றது. கேப்டன் பேச்சைக் கேட்க அந்தக் கப்பலில் ஆளில்லை. தியூ என்ற அதிகாரியும் கூட இருந்தவர்களும் சுடுவதை நிறுத்த மறுத்து, கொடியை மறுபடி ஏற்றி, நம்பி நின்ற ‘சுல்தான்’மேல் குண்டு மாரி பொழிந்துவிட்டு நழுவிவிட்டார்கள். வீரம் என்றும் சொல்லலாம், பித்தலாட்டம் என்றும் சொல்லலாம். எந்த நாட்டுப் பாடப்புத்தகம் என்பதைப் பொறுத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலுக்கு எதிரே வந்து நங்கூரம் போட்டார்கள். அவர்கள் பக்கம் 178 பேர் செத்திருந்தார்கள், இங்கிலீஷ் பக்கம் 77 பேர். ஒரு கப்பலும் பிடிபடவில்லை, நாகப்பட்டினமும் கிடைக்கவில்லை. ஆக, இரண்டு பேருமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்ள வசதியாகப் போயிற்று.

ஹியூஸ் விடுவதாக இல்லை. சமாதானக் கொடியோடு ‘சுல்தான்’ கேப்டனையே அனுப்பி, சரணடைந்த கப்பலை முறைப்படி ஒப்படைக்கச் சொன்னார். சுஃப்ரேன் முகம் மாறாமல் பதில் சொல்லி அனுப்பினார்: கொடியை யாரும் இறக்கவில்லை, குண்டு பட்டுக் கயிறு அறுந்ததில் அது தானாக விழுந்தது. கயிற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சியாரை வேலையை விட்டுத் தூக்கினார். அதே சூட்டில் ‘அஜாக்ஸ்’ கேப்டனுக்கும் சீட்டுக் கிழிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் திரும்பிய காற்றுக்கு மட்டும் எந்த நடவடிக்கையும் இல்லை. இன்று காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் நிற்கிறது. அதுவும் காற்றைக் கண்காணிக்கத்தான் செய்கிறது, கண்டிப்பதில்லை.

சுஃப்ரேன் கடலூரில் கிடைத்த மரத்தையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு, ஆகஸ்ட் முதல் தேதியே திருகோணமலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டார். ஹியூஸ் சென்னைக்குப் போய் நிதானமாகப் பழுது பார்த்துவிட்டு, 20ஆம் தேதிதான் பாய் விரித்தார். அப்போது தெற்கே போகிறவனுக்குக் காற்று எதிர்முகம். கச்சானோடு மல்லுக்கட்டி, குறுக்கும் நெடுக்கும் ஓடி, செப்டம்பர் 2ஆம் தேதி திருகோணமலை போய்ப் பார்த்தால், கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. இந்தத் தடவை கயிறு கெட்டியாக இருந்தது.