ரத்த சொந்தம்

என்ன மாப்ளே, மோரை வாயில வச்சதும் இஞ்சி தின்ன குரங்கு கெணக்கா மூஞ்சிய வைக்கிற? பல்லு கூசுதா? கூசாம என்ன செய்யும். உங்கத்தை புளி போட்டு பித்தளைக் குடம் தேய்ப்பா, அதுவும் நாள் கெழமைன்னாத்தான். நீ தெனம் ரெண்டு வேளை தேங்கா நாரு மாதிரி ஒரு பிரஷ்ஷால தேச்சு ஈறையே இறக்கிட்ட. ஆத்தங்கரை மரம் மாதிரி பல்லெல்லாம் வேரு தெரிய நிக்கிது.

மேலண்ணத்துல தோலுக்கடியில கொஞ்சம் சதை எடுத்து ஈறுல ஒட்டு வைக்கணும், கூடவே உன் ரத்தத்துலயே ஜவ்வு செஞ்சு போடணும்னு டவுன் டாக்டரு சொன்னாராமே? அதுக்கா தூக்கம் வரல? ரத்த சொந்தம்னு ஊரு பூரா இருக்கோம், கல்யாணப் பத்திரிகையில பேரு விட்டுப்போனா சண்டைக்கும் வருவோம். எங்க ஒருத்தர் ரத்தமும் வேணாம்னுட்டாக பாத்தியா, அதுக்கே நீ சந்தோசப்படணும்.

நானும் பட்டவன்தான். கையில குத்தி 10 மில்லி குழாயில ரத்தம் எடுப்பாக. உறையாம இருக்க மருந்து எதுவும் கலக்க மாட்டாக. எடுத்த சூட்டோட சென்ட்ரிஃபியூஜ்ல போடணும். அது வேறொண்ணுமில்ல, கரண்டுல ஓடுற மத்து. நிமிசத்துக்கு 2,700 சுத்து, 12 நிமிசம். எனக்கு ரத்தம் எடுத்த பிள்ளை போன்ல பேசிக்கிட்டு நின்னுச்சு, மொதக் குழா அங்கயே உறைஞ்சு போச்சு. மறுபடி ஒரு குத்து.

சுத்தி நின்னா மூணு அடுக்கு. அடியில செவப்பு, மேல தெளிவு, நடுவுல இளநுங்கு மாதிரி மஞ்சக் கட்டி. காரியக்காரன் அந்த நடு ஆளுதான். நீர் வடிய அமுக்கித் தட்டையாக்குனா ஜவ்வு. பி.ஆர்.எஃப்.னு பேரு. பிரான்சுல ஜோசஃப் ஷூக்ரூன்னு ஒரு டாக்டரு 2001-ல கொண்டாந்தது. அதுக்கு முந்தி வந்த முறையில மாட்டு ரத்தத்து த்ராம்பினைக் கலந்து உறைய வைப்பாக. இதுல மாடும் தப்பிச்சுது.

டெங்கு வந்தப்ப கொறைஞ்சு போச்சுன்னு பப்பாளி எலைக்கு அலைஞ்சமே பிளேட்லெட்டு, அதுதான் அந்தக் கட்டிக்குள்ள கூட்டமா உக்காந்திருக்கு. சதை வளக்குற சத்தை ஒரேயடியாக் கொட்டிராம ஒரு வாரத்துக்கு மேல கொஞ்சங் கொஞ்சமா விடும். கொத்தனாருக்கு மொத்தக் கூலியையும் மொத நாளே குடுத்தா மறுநா வருவானா?

அதுக்காக ரத்தத்தைத் தடவுனாலே ஈறு மொளைச்சுரும்னு நம்பிராத. வேரை மூடுறதுக்கு அண்ணத்துச் சதையை மிஞ்ச இன்னும் ஆளில்ல. ஜவ்வு அதுக்குத் தொணை மாப்பிள்ளை. அது நெசமா ஒழைக்கிறது சதை எடுத்த அண்ணத்துப் புண்ணுல. ஒட்டு வச்ச எடத்தை விட நோவு அங்கதான் சாஸ்தி. அதுமேல ஜவ்வை வச்சுத் தச்சா வலியும் கம்மி, ஆறுறதும் வெரசு. நான் மூணாம் நாளே ரசஞ்சோறு கரைச்சுக் குடிச்சுட்டேன்.

ரத்தம் இளகுற மாத்திரை எதுவும் முழுங்குனா டாக்டருகிட்ட மறைக்காத. பொறவு, அண்டர்வேர் பையில அமுக்கி வச்சிருக்கியே பீடிக்கட்டு, அது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? பொகை பட்டா ஒட்டு சரியாப் பிடிக்காது. அதை இங்க வச்சுட்டுப் போ. அந்த நாரு பிரஷ்ஷையும் குடு, என் சைக்கிள் செயினு துடைக்க ஆகும்.