மெசினு போடுத மார்க்கு

ஏலே வாத்தியாரு தம்பி, இப்படி வந்து உக்காரு. பாடத்தைச் செல்போன்ல ஒட்டி அமுக்குனா, எத்தனாங் கிளாஸ் பிள்ளைக்கு விளங்கும்னு மெசினு மார்க்கு போடுதாமே? நம்ம சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கட்டுரை காலேஜ் பிள்ளைக்குத்தான் விளங்கும்னுட்டாமே? நல்ல கூத்து! அங்க அப்பன் தோள்ல ஏறி உக்காந்து பருத்தியச் சூறை விட்ட பிள்ளைக்கு விளங்காதது, காலேஜ்காரனுக்கா விளங்கப் போவுது?

அது எதை எண்ணுதுன்னு என்னைக்காவது கேட்டியா? 1948ல அமெரிக்காவுல ருடால்ஃப் ஃபிளெஷ்னு ஒருத்தரு கணக்கு ஒண்ணு போட்டாரு. வாக்கியம் எம்புட்டு நீளம், சொல்லுக்கு எத்தனை அசை. அம்புட்டுத்தான். எல்லாத்தையும் 206.835ல இருந்து கழிக்கணுமாம். புள்ளிக்குப் பொறவு மூணு எண்ணு, பாத்துக்கோ! 1975ல அதையே திருப்பி, கப்பப்படைக்காரன் படிக்கிற புஸ்தகத்துக்கு வகுப்பு சொல்லுத கணக்காக்குனாங்க. கப்பப்படைக்கும் நம்ம மூணாப்புப் பிள்ளைக்கும் என்னலே சம்பந்தம்?

இங்கிலீசுக்கு அது கொஞ்சம் ஓடும், இல்லேங்கல. தமிழுக்கு? 'சாப்பிட்டுக்கிட்டிருக்கான்'னு எழுதிப் பாரு. ஒத்தச் சொல்லுதான், மெசினு மிரண்டுபோவும். பால்வாடிப் பிள்ளை அதை ஓடிக்கிட்டே சொல்லும். 'ஊழ்'னு எழுது. ஒரே அசை, ரொம்ப லேசுன்னு வரும். வகுப்புல எந்திரிச்சு நின்னு அதை விளக்கு பாப்போம். கமிஷன் கடைத் தராசுல மல்லியப் போட்டா எடை தெரியும், மணம் தெரியுமா?

இன்னொரு சோலி கேளு. லேசுன்னு மார்க்கு வரணும்னு நீ வாக்கியத்தை வெட்டுவே. 'அதனால'வை வெட்டுவே, 'ஆனாலும்'ஐ வெட்டுவே. லேசுன்னு மார்க்கு வந்துரும். எதுனால எது நடந்துச்சுன்னு பிள்ளைக்குத்தான் பிடிபடாது.

சர்க்காரு பள்ளிக்கூடத்துல 2022ல எண்ணும் எழுத்தும்னு திட்டம் வந்துச்சுல்லா? அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சாங்க. புஸ்தகத்தை எண்ணியா பிரிச்சாங்க? பிள்ளைக்கு என்ன வருதுன்னு பாத்துல்லா பிரிச்சாங்க. ஏசர்னு கணக்கெடுப்பு நடத்துதவங்க 2005லருந்து கிராமம் கிராமமா வீட்டுக்கே போயி, ரெண்டாங் கிளாஸ் கதையக் குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேக்காங்க. அவங்களுக்குக் காது இருக்கு தம்பி.

உனக்கும் ரெண்டு இருக்குல்லா? நாளைக்குப் பெஞ்சு ஓரத்துல வாயைத் திறக்காம இருக்குமே, அந்தப் பிள்ளையக் கூப்பிடு. அதே பாடத்தை வாசிக்கச் சொல்லு. திக்குத எடத்துல பென்சிலால கோடு போடு. பொறவு, வாசிச்சதுல என்ன நடந்துச்சுன்னு அதும் வாயாலயே சொல்லச் சொல்லு. செல்லு அதுவரைக்கும் சட்டைப் பையிலயே கெடக்கட்டும்.