மாத்திரை டப்பா மகாத்மியம்

மனநல மருத்துவரிடம் போனால்தான் எத்தனை கேள்வி! தூக்கம் வருகிறதா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா... இரண்டு மருந்தைப் போதிய அளவில், போதிய வாரம் கொடுத்தும் பலனில்லை என்றால்தான், 'சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு' என்றே வாயைத் திறக்கிறார். அமெரிக்கக் கடைகளில் வைட்டமின்களுக்கு நடுவே வீற்றிருக்கும் எல்-டிரிப்டோஃபான் டப்பாவே, தாங்கள் யாரையாவது ஒரு கேள்வி கேட்டதுண்டா? காசை நீட்டியதும் கூடவே கிளம்பிவிடுகிறீர்கள். அந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும்!

பாலிலும் முட்டையிலும் உள்ள அமினோ அமிலம் தாங்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனினை உடம்பு செய்வது தங்களைக் கொண்டுதான். இயற்கைப் பொருள், கெடுதல் செய்யாது என்கிறார்கள் பக்தர்கள். எட்டிக்காயும் இயற்கைதானே என்று குறுக்கே பேசுகிறவர்களை விட்டுத்தள்ளுங்கள்.

1989இல் நியூ மெக்சிகோவில் சிலருக்குத் தாங்க முடியாத தசைவலி. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். விசாரித்தால், எல்லோரும் தங்களைச் சாப்பிட்டவர்கள். நாடெங்கும் 1,500 பேருக்கு மேல் பாதிப்பு, குறைந்தது 37 பேர் சாவு. தடம் போய் நின்றது ஷோவா டென்கோ என்ற ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கில். தங்களைத் தயாரிக்கும் பாக்டீரியா வகையை மாற்றியிருந்தார்கள். சுத்திகரிக்கும் கரித்தூளையும் குறைத்திருந்தார்கள். என்ன சிக்கனம்! துல்லியமாக எது காரணம் என்று பிற்பாடும் வாதாடினார்கள். வாதத்துக்கு இடம் வைத்துவிட்டுப் போவதும் ஒரு கலைதான்.

பிரிட்டன்காரர்களுக்கு இந்த நயமெல்லாம் தெரியவில்லை. மருந்தாகக் கொடுத்துவந்து 1990இல் நிறுத்திய தங்களை 1994இல் திரும்ப அனுமதித்தபோது, கடுமையான, நாள்பட்ட, வேறெதற்கும் மசியாத சோர்வுக்கு மட்டும், மருத்துவமனை நிபுணர் எழுதினால் மட்டும், ரத்தத்தைச் சோதித்துக்கொண்டே கொடு என்றார்கள். பிழைக்கத் தெரியாதவர்கள்! அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தைப் பாருங்கள். துணையுணவு விற்க, அது வேலை செய்கிறது என்று அரசிடம் முன்கூட்டி நிரூபிக்கத் தேவையில்லை. ஆபத்து என்றால் அதை அரசே நிரூபித்துக்கொள்ளட்டும். அந்தச் சாவுகளுக்குப் பின் அமெரிக்காவில் தங்கள் மீது விழுந்த தடை தளரும்வரை, தாங்கள் செரோட்டோனின் ஆகும் வழியில் பிறக்கும் தம்பி 5-எச்.டி.பி. கடையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார்.

வாங்குகிறவர் ஏற்கெனவே மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்செடின் சாப்பிடுகிறாரா, எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்தில் இருக்கிறாரா என்று துருவுவது தங்கள் குலத்துக்கே இழுக்கு. சேர்ந்தபின் செரோட்டோனின் வரம்பு மீறி நடுக்கம், காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் என்று வந்தால் அவசரப் பிரிவு எதற்கு இருக்கிறது? அந்தக் கேள்விக்காரர்களே கவனித்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிது தங்கள் அடக்கம். முகப்பில் 'மனநிலைக்குத் துணை' என்று கொட்டை எழுத்து. முதுகிலோ, இதை அரசு மதிப்பிடவில்லை, எந்த நோயையும் தீர்க்க இது செய்யப்படவில்லை என்று தன்னிலை விளக்கம். அதைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.